வேலை போச்சு, சில்லறைக் கடன் ஆறு இடத்துல: எதை முதல்ல அடைக்கறது?

ஒற்றியூர்வாசி

வணக்கம். மணலி புதுநகர் பக்கம் கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வேலை, 4 வருஷம் 2 மாசம். கான்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு 5 வாரம் முன்னாடி நிறுத்திட்டாங்க. சம்பளம் 19,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டும் பிடிச்சாங்க. பி.எஃப்.ல 1,05,000 இருக்கு. வீட்ல தையல்ல மாசம் 6,500 வருது, உரிமைத்தொகை 1,000. வாடகை 5,500.

கடன் கணக்கு:

தண்டல்: 20,000க்கு 17,000 கையில வந்தது. தினம் 200, நூறு நாள். 43 நாள் கட்டியாச்சு, பாக்கி 11,400.
அடகு: மின்ட் பக்கம் ஒரு கடையில 2 சவரன் சங்கிலி, 60,000, ரெண்டு வட்டி. 9 மாசமா வட்டி கட்டல.
குழுக் கடன் (வீட்டுக்காரம்மா பேர்ல): பாக்கி 28,000, மாசம் 2,450.
கிரெடிட் கார்டு: 34,000.
செல்போன் ஆப்ல எடுத்தது: 6,000.
கைமாத்து: 10,000, வட்டி இல்ல.

தண்டல்காரர், "புதுசா 20,000 போட்டுக்கோ, பழசைக் கழிச்சுக்கலாம்"ங்கறார். வாங்கலாமா? இல்ல பி.எஃப்.ஐ மொத்தமா எடுத்து எல்லாத்தையும் முடிச்சிடலாமா?

---

ராயபுரம் கணக்குப்பிள்ளை

தம்பி, அடகு வட்டி பாக்கி 10,800ஐயும் சேர்த்தா மொத்தம் 1,60,200. பி.எஃப். முழுசையும் கொட்டினாலும் 55,000 அப்படியே நிக்கும், அடுத்த மாச வாடகைக்கு மறுபடி தண்டல்தான். அதனால மொத்தமா முடிக்கற யோசனையை விட்டுடுங்க. எந்தக் கடன் நின்னா எது கையை விட்டுப் போகும்னு பாருங்க. கார்டு நின்னா சிபில்ங்கற கடன் மார்க் போகும், அது பின்னால ஏறும். அடகு நின்னா சங்கிலியே ஏலத்துக்குப் போகும், திரும்பாது. வீட்டு வாசல்ல யார் அதிகமா சத்தம் போடறாங்களோ அவங்களுக்கு முதல்ல கொடுக்கறதாலதான் பல வீட்ல நகை முழுகிப் போகுது.

புதுத் தண்டல் வேணவே வேணாம். கணக்கைப் பாருங்க: 20,000ல பிடித்தம் 3,000. பழைய பாக்கி 11,400. கையில விழறது 5,600. இந்த 5,600க்காக உங்க கடன் 11,400ல இருந்து 20,000 ஆகுது, அதாவது 8,600 ஏறுது. பழைய பாக்கியில ஏற்கெனவே வட்டி இருக்கு, அதுக்கு மேல இன்னொரு தடவை பிடித்தம் கொடுக்கறீங்க. தண்டல் தீராம சுத்திக்கிட்டே இருக்கறது இந்த இடத்துலதான்.

"நூத்துக்குப் பதினஞ்சுதானே"ன்னு நினைக்கறதும் தப்பு. 17,000 உங்ககிட்ட நூறு நாளும் இருக்கறதில்ல, தினம் 200 குறையுது. குறையற அசலுக்குக் கணக்குப் போட்டா நாளுக்கு 0.33 சதவீதம், வருஷத்துக்கு 120 சதவீதம் வருது. பத்து வட்டிக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. அதே கணக்குல இன்னைக்கு நிக்கற அசல் ஏறத்தாழ 10,400. மொத்தமா முடிக்கறதா இருந்தா 11,400 கேட்கறவர்கிட்ட ஆயிரம் குறைக்கச் சொல்றது நியாயமான பேச்சு. மொத்தமா முடியலேன்னா, தினம் 200க்குப் பதில் 100, மீதி 114 நாள், கூடுதல் காசு இல்லன்னு பேசுங்க. நிறைய பேர் ஒத்துக்குவாங்க, ஏன்னா வரவு நிக்காம வர்றதுதான் அவங்களுக்கு முக்கியம். எது பேசினாலும் தண்டல் அட்டையில எழுதி வாங்குங்க. தினமும் கட்டினதும் அட்டையை ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஒரு நாள் குறிக்காம விட்டாலும் அது உங்க தலையிலதான் விடியும்.

அடகுதான் இதுல பெரிய விஷயம். ரெண்டு வட்டின்னா மாசம் 1,200, வருஷம் 14,400. பேங்க்லயோ கூட்டுறவு பேங்க்லயோ நகைக்கடன் வருஷத்துக்கு 9, 10 சதவீதத்துக்குக் கிடைக்கும். அதே 60,000க்கு மாசம் 450, 500தான். ஆனா அடகுக் கடையில இருக்கற நகையை பேங்க் நேரா வந்து மீட்காது, முதல்ல நீங்க மீட்கணும். பி.எஃப்.ல 75 சதவீதம் எடுத்தா 78,750. அதுல 70,800 கட்டி சங்கிலியை மீட்டு, அன்னைக்கே பேங்க்ல 60,000க்கு வைங்க. கையில 67,950 நிக்கும், வட்டி பாதிக்கும் கீழ இறங்கியிருக்கும். 60,000க்கு மேல வாங்காதீங்க. இப்போ நகைக்கடன் விதிப்படி ரெண்டரை லட்சம் வரைக்குமான கடனுக்கு மதிப்புல 85 சதவீதம் வரை தரலாம், மேனேஜரே "இன்னும் வருமே" என்பார். வேணாம்னு சொல்லிடுங்க.

போறதுக்கு முன்னாடி அடகுக் கடையில மொத்தம் எவ்வளவுன்னு சீட்டுல எழுதி வாங்குங்க. "வட்டிக்கு வட்டி"ன்னு சேர்த்திருந்தா அங்கேயே தெரிஞ்சிடும். பேங்க் மதிப்பீட்டாளர் அழுக்கு, பற்று, கல்லு கழிச்சு நிகர எடைதான் போடுவார். ஆதார், பான், போட்டோ, அந்தக் கிளையில ஒரு கணக்கு வேணும், மதிப்பீட்டுக் கூலி தனி. புதுக் கணக்கு திறக்க ரெண்டு நாள் ஆகலாம், அதனால மீட்கறதுக்கு முன்னாடியே திறந்து வைங்க. இன்னொண்ணு: கார்டு பாக்கி எந்த பேங்க்ல இருக்கோ அந்த பேங்க்ல நகையை வைக்காதீங்க. வந்த பணத்தைப் பாக்கிக்குக் கழிச்சுக்க அவங்களுக்கு வழி இருக்கு.

67,950ல தண்டல் 10,400 போனா 57,550. வாடகை போக சாப்பாடு, கேஸ், கரண்ட், பிள்ளைங்க செலவு 8,000ன்னு வச்சா வீட்டுக்கு மாசம் 13,500, வரவு 7,500. பள்ளம் 6,000. குழுத் தவணை 2,450, நகை வட்டி 500. மாசம் 8,950 போகும். ஆறு மாசம் தாங்கும். இந்த ஆறு மாசம்தான் நீங்க வாங்கற சரக்கு, கடன் முடியறது அப்புறம்.

---

மணலி தோழர்

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னது சரி. ஆனா பி.எஃப். கைக்கு வர்ற இடத்துலதான் பாதிப் பேருக்கு சிக்குது, அதைச் சொல்றேன்.

முதல்ல யூ.ஏ.என். (உங்க பி.எஃப். எண்) போர்ட்டல்ல சர்வீஸ் ஹிஸ்டரி பாருங்க. வேலையை விட்ட தேதி காலியா இருந்தா வேலை போன காரணத்துல போடற கோரிக்கை நகராது. அதைப் போட வேண்டியது கான்ட்ராக்டர். அவர் போடலேன்னா, கடைசிப் பணம் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே ஆதார் ஓ.டி.பி. வச்சுப் போட்டுக்கலாம். இப்பவே கான்ட்ராக்டருக்கு மெசேஜ் போட்டு வைங்க. மெசேஜ் போதும், ஆனா எழுத்துல இருக்கணும்.

அடுத்தது பேரு. நம்ம ஊர் இனிஷியல்தான் பெரிய வில்லங்கம். ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பேங்க்ல முன்னாடி, பி.எஃப்.ல அப்பா பேர் முழுசா இருக்கும். மூணும் ஒத்துப் போகலேன்னா நிராகரிச்சிடுவாங்க. கோரிக்கை போடறதுக்கு முன்னாடி கே.ஒய்.சி. பக்கத்துல மூணும் பச்சையா இருக்கான்னு பார்த்து, இல்லேன்னா முதல்ல அதைத் திருத்துங்க. பேங்க் இணைப்புல பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண் இருந்தாலும் பணம் திரும்பிப் போகும்.

முழுக் கணக்கையும் முடிக்காதீங்க. 5 வருஷம் ஆகாம இறுதிக் கணக்கு எடுத்து, தொகை 50,000க்கு மேல போனா 10 சதவீதம் வரி பிடிப்பாங்க. வருமானம் வரம்புக்குள்ளதான்னு உறுதிமொழிப் படிவம் போட்டா தப்பலாம், பலர் அதை விட்டுட்டுப் பின்னால அலையறாங்க. முன்பணமா எடுக்கறதுல இந்தச் சிக்கல் இல்ல. பென்ஷன் பணத்தையும் தொடாதீங்க. 10 வருஷ சர்வீஸ் ஆனாதான் மாசப் பென்ஷன், எடுத்தா இந்த 4 வருஷம் அழிஞ்சு அடுத்த வேலையில பூஜ்யத்துல இருந்து தொடங்கும்.

இ.எஸ்.ஐ.ஐ யாரும் நினைக்கறதில்ல. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு ஒரு திட்டம். வேலை போன இன்சூர்டு ஆளுக்கு சராசரி தினக்கூலியில பாதி, 90 நாள் வரைக்கும், வாழ்நாள்ல ஒரு தடவை. உங்க சம்பளத்துக்குத் தோராயமா 28,000 வரும். வேலை போய் 30 நாள் ஆகியிருக்கணும், உங்களுக்கு ஆச்சு. ஒழுங்கு நடவடிக்கையில நீக்கினவங்களுக்கும் தானா விலகினவங்களுக்கும் கிடையாது, அதனால கான்ட்ராக்டர் "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போ"ன்னா கையெழுத்துப் போடாதீங்க. இணையத்துல கோரிக்கை போட்டு ஆதார், பாஸ்புக் நகலோட கிளை அலுவலகம் போங்க. தேதி வரம்பு போட்டு நீட்டிச்சுக்கிட்டு வர்ற திட்டம் இது, இப்ப அமல்ல இருக்கான்னு கவுன்டர்லயே முதல்ல கேளுங்க.

அதோட, வேலை போன அன்னைக்கே இ.எஸ்.ஐ. வைத்தியம் நிக்காது. ஏப்ரல்–செப்டம்பர்ல 78 நாள் சந்தா இருந்தா அடுத்த ஜனவரி–ஜூன் வரைக்கும், அக்டோபர்–மார்ச்சுக்கு ஜூலை–டிசம்பர் வரைக்கும் உரிமை உண்டு. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கறப்போ தனியார் கிளினிக்ல கடன் சேர்க்காதீங்க.

கடைசி மாசச் சம்பளம் பாக்கி இருந்தா விடாதீங்க. கான்ட்ராக்டர் தரலேன்னா முதன்மை நிறுவனம், அதாவது யார்டு நடத்தறவங்க, தரணும், அது சட்டம்.

---

கொடுங்கையூர் அக்கா

குழுக் கடனைப் பத்தி மட்டும் சொல்றேன் தம்பி. உங்க வீட்டுக்காரம்மா பேர்ல இருக்கறதால பேச்சு அவங்க மேலதான் விழும். தவணை அன்னைக்கு குழு கூடற சென்டருக்குப் போகாம ஒளிஞ்சா மத்த பெண்கள் மேல பாரம் ஏறி, கடனைவிடப் பெரிய சண்டையாகும். தவணைக்கு ஒரு வாரம் முன்னாடியே குழுத் தலைவியோட சேர்ந்து கிளை மேலாளரைப் பார்த்து, கணவருக்கு வேலை போனதை எழுதிக் கொடுத்து, தவணையைப் பாதியாக்கிக் காலத்தை நீட்டித் தரச் சொல்லுங்க. கடிதத்துல ஒரு நகல்ல சீல் வாங்குங்க. வாயால "பார்த்துக்கலாம் மேடம்"ன்னா எண்ணிக்கையில வராது.

ரிசர்வ் வங்கி 2022 விதிப்படி, வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கற குடும்பத்துக்குத் தர்ற பிணையில்லாக் கடன்தான் இது. கடன் தர்றப்போ எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. உங்க வீட்டு வருமானம் இப்ப 7,500, பாதி 3,750. இந்த எண்ணையே கடிதத்துல எழுதுங்க. காலை 9 மணிக்கு முன்னாடியோ மாலை 6 மணிக்கு மேலயோ போன் பண்ணக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. கட்டற வரைக்கும் சென்டர்ல உட்கார வைக்கறதும் கூடாது. "டாப்–அப் போட்டுக் கொடுக்கறோம்"ன்னு சொன்னா தண்டல்காரர் சொன்ன கதைதான், வேணாம்.

ஆப் கடன். அந்த ஆப் பின்னாடி இருக்கற நிறுவனம் ரிசர்வ் வங்கிப் பதிவுள்ளதான்னு பாருங்க, பட்டியல் ரிசர்வ் வங்கி தளத்திலேயே இருக்கு. பதிவு இருந்தா கடன் விவரத் தாள் உங்க மெயில்ல இருக்கணும், அதுல போட்ட தொகைக்கு மேல ஒரு ரூபா கேட்க முடியாது. பதிவு இல்லேன்னா முதல் வேலை: போன் செட்டிங்ல காண்டாக்ட், கேலரி, லொகேஷன் அனுமதியை எடுங்க. மிரட்டல் மெசேஜ், போன் எண், அவங்க பணம் போட்ட கணக்கு எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம்தான் ஆப்பை நீக்கணும். முதல்லயே நீக்கிட்டா ஆதாரம் போச்சு. அப்புறம் 1930க்கு போன், சைபர் கிரைம் தளத்துல புகார். யாரோ ஒருத்தர் பேர்ல இருக்கற யூ.பி.ஐ. எண்ணுக்குக் காசு போடாதீங்க, கட்டினதாவே கணக்குல வராது, மறுநாள் வேற எண்ணுல இருந்து திரும்பக் கேட்பாங்க. படத்தை மாத்தி அனுப்புவோம்னு மிரட்டினா, அவங்க அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களே சொந்தத்துல நாலு பேருக்கு "இப்படி ஒரு மோசடி நடக்குது, மெசேஜ் வந்தா திறக்காதீங்க"ன்னு சொல்லிடுங்க. அதோட மிரட்டல்ல பாதி பலம் போயிடும்.

---

காசிமேடு

செலவுப் பக்கம் ஒரு வரி. கரண்ட் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாம பார்த்துக்கோங்க, மேல போனா ஸ்லாப் மாறி பில்லு எகிறும். வேலை தேடி அலையற நாள்ல வெளியில சாப்பிட வேண்டி வந்தா அம்மா உணவகம், இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா.

---

ஒற்றியூர்வாசி

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். தண்டல்காரர்கிட்ட கையெழுத்துப் போட்ட வெத்து செக் ஒண்ணும் வெத்துப் பத்திரமும் இருக்கு. கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டிட்டு வரலாமா?

---

பாரிமுனை வக்கீல்

கார்டுக்கு முதலில் பதில். மினிமம் கட்டுவது கடனைப் பெரிதாகக் குறைக்காது. 34,000க்கு 5 சதவீதம் 1,700. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,190, அதன் மேல் ஜி.எஸ்.டி. 214. நீங்கள் கட்டும் 1,700இல் அசலுக்குப் போவது 300க்கும் குறைவு. கார்டைப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்திவிட்டு, பாக்கி முழுவதையும் 24 மாதத் தவணையாக மாற்றித் தரும்படி மெயிலில் கேளுங்கள். மெயில் கெடு தேதிக்கு முன்னால் போக வேண்டும். நாலு வரி போதும்: எந்தத் தேதியில் வேலை போனது, இப்போதைய குடும்ப வருமானம் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்த மாதத்திலிருந்து. முடியாத தொகையை எழுதாதீர்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டு தவறினால் அடுத்த கோரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஏற்கவில்லை என்றால் இந்த ஆறு மாதம் கார்டு நிற்கட்டும். பிணையில்லாக் கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், அதற்காகக் கைது கிடையாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தால் அங்கீகாரக் கடிதம் கேளுங்கள். அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள், கார்டு கணக்கில் மட்டும் கட்டுங்கள். மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், தொலைபேசி 14448.

பின்னால் "பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்று கூப்பிடுவார்கள். அப்படி முடித்தால் சிபிலில் "செட்டில்டு" என்று பதியும், "க்ளோஸ்டு" என்று அல்ல. அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். சம்மதம் என்றால் தொகை, தேதி, "இதற்குமேல் பாக்கி இல்லை" என்ற வாசகம் மூன்றும் வங்கியின் கடிதத்தில் வந்த பிறகுதான் கட்ட வேண்டும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடித்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. அங்கே பிறக்கும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. குழுக் கடனுக்கு உங்கள் மனைவி பெயரில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. எண் 15100, நேரில் என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு.

தண்டலுக்கு 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு அதீத வட்டி தடைச் சட்டம் இருக்கிறது. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். அதே சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வழி உண்டு: கடன் வாங்கியவர் அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதியச் சொல்லி மனுப் போடலாம். வீடு புகுந்து மிரட்டுவது, பின்தொடர்வது, பொருளை எடுத்துப் போவது போன்றவற்றுக்கு 2025இல் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்துவிட்டது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஆனால் கணக்குப்பிள்ளை சொன்னபடி 10,400க்குப் பேசி முடிக்க முடிந்தால் அதுவே உங்களுக்கு நல்லது. வெற்று செக் இருக்கும்போது வழக்கைத் தொடங்குபவர் யார் என்பது முக்கியம். அவர் 2 லட்சம் என்று எழுதிப் போட்டு, அது திரும்பினால், 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புவார். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்ட வேண்டும், இல்லையென்றால் செக் வழக்கு. நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. உண்மைப் பாக்கி எவ்வளவு, எத்தனை நாள் கட்டியது, செக் வெற்றாகக் கொடுக்கப்பட்டது என்று பதிவுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் பதில் போக வேண்டும். தண்டல் அட்டையின் போட்டோக்கள் அன்றைக்குத்தான் உதவும்.

பணத்தைக் கொடுக்கும் நாளில் இரண்டு பேரைக் கூட அழைத்துப் போங்கள். முதலில் செக், பத்திரம் இரண்டையும் மேசையில் வைக்கச் சொல்லி, செக் எண்ணையும் பத்திரத்தின் பின்பக்க முத்திரை எண்ணையும் உங்கள் குறிப்போடு சரிபாருங்கள். பணத்தை யூ.பி.ஐ.யில் போடுங்கள், குறிப்பில் "தண்டல் முழுத் தீர்வு" என்று எழுதுங்கள். அட்டையின் கடைசிப் பக்கத்தில் "கணக்கு முடிந்தது, பாக்கி இல்லை" என்று தேதியோடு அவர் கையெழுத்து. செக் தொலைந்துவிட்டது என்று சொன்னால் பணத்தைக் கொடுக்கும் முன்பே அங்கிருந்து உங்கள் வங்கிக்கு அந்த எண்ணைச் சொல்லி நிறுத்தி வைக்கும் கோரிக்கையைப் போட்டுவிட்டு, "தொலைந்தது, கிடைத்தால் செல்லாது" என்று அவரிடம் எழுதி வாங்குங்கள்.